‘ரூல்’ என்று சொல்லாமல் மறுத்துப் பாரும்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்த பெண். அலுவலகம் இன்னும் மலாக்காவின் ஆயர் குரோவில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் நேரில் வரமாட்டாள், போன்தான்.

“ஆன்ட்டி, ரூல்ஸ் எல்லாம் மறுபடி மாத்துறாங்க. எந்த நாட்டுக்கு உதவி குடுக்கலாம், எதுக்குக் கூடாதுன்னு புதுசா எழுதச் சொல்லியிருக்காங்க. ஒங்க காலத்துல ஒரு தடவ மாத்துனீங்களாமே, எப்படின்னு எழுதிக் குடுங்க லா. இங்க யாருக்கும் தெரியல.”

“ஃபைல்ல இருக்குமே கவிதா.”

“ஃபைல்ல முடிவு மட்டுந்தான் இருக்கு ஆன்ட்டி. சண்டை இல்ல.”

அந்த ஒரு சொல்லுக்காகவே எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் சண்டை போட்டது பெரும்பாலும் நான்தான்.

எங்கள் அலுவலகம் வளரும் நாடுகளுக்குக் கொடுத்தது பணம் இல்லை, பயிற்சி. அங்கே குடிநீர் நிலையத்திலோ மாவட்ட மருத்துவமனையிலோ வேலை பார்ப்பவர்களை மலாக்காவுக்கு வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, சில மாதம் தொழில் கற்றுக்கொடுத்து அனுப்புவோம். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பார்ப்பது தகுதிப் பிரிவு. அதில் தட்டச்சராகச் சேர்ந்து அதன் தலைமை அதிகாரியாக வெளியே வந்தேன். லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தது, ஐந்தாம் படிவம் முடித்தது, வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் டிப்ளோமா வாங்கியது எல்லாம் இடையில் வருகின்றன. அதையெல்லாம் விரித்து எழுதினால் கவிதா தூங்கிவிடுவாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது திரு. செல்லையாவைப் பற்றி.

அவர் என் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். தாத்தா காலத்திலேயே மலாயாவுக்கு வந்த குடும்பம்தான், ஆனால் பேச்சிலிருந்து யாழ்ப்பாணம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே வெள்ளைச் சட்டையோடுதான் திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் வருகிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. கார் ஓட்டுநர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் ‘நீர்’ அல்லது ‘நீங்கள்’தான். எனக்கு மட்டும் கூடவே ஒரு ‘பிள்ளை’ சேரும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே பிரிவில் போட்டவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் கோப்பை அவர் மேசைமேல் வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போகலாம். மறுப்பதாக இருந்தால் போக முடியாது. கோப்பை மூடிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டிருப்பதை முடித்து, பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதற்குப் பிறகு அவர் அதிகாரி இல்லை, விண்ணப்பம் போட்ட ஆள்.

“ஏன் எனக்கு இல்லையெண்டு சொல்லும் பிள்ளை. ‘ரூல்’ எண்ட சொல் மட்டும் வேண்டாம்.”

‘சர்க்குலர்’, ‘பாலிசி’, ‘மேலிடம்’ என்று சுற்றி வளைத்துப் போனாலும் விடமாட்டார். எல்லாம் ஒரே ஆள், சட்டைதான் வேறு என்பார்.

நான் மறுக்கப் போன முதல் ஆள் ஒரு நில அளவையாளர். வயது வரம்பைத் தாண்டியவர். “நீங்க கத்துக்கிட்டு ஊருக்குப் போனதும் ரிட்டயர் ஆயிடுவீங்க சார். கத்துக்கிட்டது யாருக்கும் பிரயோஜனம் இல்லாமப் போயிடும்” என்றேன். “ஓம். எனக்குக் கவலைதான். ஆனா விளங்குது” என்று சொல்லிச் செல்லையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். இரண்டாவது ஒரு தாதி. கேட்டிருந்த படிப்புச் சான்றிதழ் அவரிடம் இல்லை. “நான் இத்தனை வருஷமாப் பிரசவம் பாக்கிறன். ஒரு கடுதாசி இல்லாட்டி எனக்குப் படிக்கேலாதோ?” என்று கேட்டார் செல்லையா. கோப்பு என்னோடு என் மேசைக்கே திரும்பி வந்தது. அந்தத் தாதியை வரவழைத்தோம்.

இது வேலையா, நாடகமா என்று முதல் வருடம் முழுக்க முணுமுணுத்தேன். சில நாள்களில் மறுக்க வேண்டிய கோப்புகளோடு நாலைந்து பேர் அவர் அறைவாசலில், கிளினிக்கில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருப்போம். ஒவ்வொருவரும் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு ரூல் மட்டும் அவர் அறைக்குள் வந்ததே இல்லை. அது ஆட்களைப் பற்றியது இல்லை, நாடுகளைப் பற்றியது. ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை அதன் மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். வரும் தொகை ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த நாட்டுக்கு உதவி உண்டு. மேலே போய்விட்டால் இல்லை. ஆண்டுக்கொருமுறை தலைநகரத்திலிருந்து நாடுகளின் புதுப் பட்டியல் வரும். கோட்டைத் தாண்டிய நாட்டு விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவோம். அதை மறுப்பு என்றே நாங்கள் நினைத்ததில்லை, செல்லையாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மரியானா வந்தபோதுதான் அது மாறியது.

மரியானா ஒரு சின்னத் தீவு நாட்டைச் சேர்ந்தவள். நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே கடல்நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. வேறொரு நாடு கொடுத்தது. அதை இயக்கத் தெரிந்த வெளிநாட்டுக்காரர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். விசையைப் போடவும் நிறுத்தவும் மட்டும் தெரிந்தவள் மரியானா. அது நின்றுபோனால் ஊருக்கு மழைநீர்தான், மழை இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும் கிணறுதான். டுரியான் துங்கால் பக்கம் உள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையிலும் அப்படிப்பட்ட இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டப் பயிற்சி கொடுத்தோம். அவளைத் தேர்ந்தெடுத்தது நான். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை புதுப் பட்டியல் வந்தது. அவள் நாடு கோட்டைத் தாண்டியிருந்தது.

பயிற்சி தொடங்குவது புதன்கிழமை. தொடங்கும் நாளில் தகுதி இருக்க வேண்டும் என்பது ரூல். ஆகவே அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். தலைநகரத்திலிருந்து போனில் சொன்னவர்கள் அதோடு நிற்கவில்லை. பயிற்சிக்கு இருபது இடம்தான். காத்திருப்போரில் முதலில் இருந்த மலைநாட்டுக்காரர் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்து, அவருக்குத் தகவலும் அனுப்பிவிட்டார்கள்.

செல்லையாவிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“என்னட்டைச் சொல்ல வேண்டாம் பிள்ளை. இந்த முறை ஆள் இங்கதானே இருக்கு. நேர போய்ச் சொல்லும்.”

“ரூல்னு சொல்லாமயா சார்?”

“ஓம்.”

விடுதிக்குப் போனேன். மரியானா துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சில வயது இளையவள், அகன்ற தோள், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். என்னை உட்காரவைத்துவிட்டுத் தன் இரண்டு மகள்களின் படத்தைக் காட்டினாள். எங்களுக்குள் ஆங்கிலம்தான். எப்படியோ விஷயத்தைத் தொடங்கி, அவள் நாட்டின் வருமானம் உயர்ந்துவிட்டது, இனி அது ஏழை நாடு இல்லை என்ற இடம்வரை வந்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

“நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோமா? எப்போது? நான் விமானத்தில் இருந்தபோதா?”

பிறகு மெதுவாகச் சொன்னாள். போன வருடம் அவள் ஊர்க் கடற்கரையில் பெரிய பெரிய ஹோட்டல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகக் குடிநீர் இயந்திரம் உண்டு. ஹோட்டல் நிறுவனங்கள் வெளிநாட்டுக்காரர்களுடையவை. ஊரில் சிலருக்கு அங்கே அறை கூட்டும் வேலை கிடைத்தது. ஊர் குடிக்கும் தண்ணீர் இன்னும் அவள் இயக்கும் அந்த ஒரே இயந்திரத்திலிருந்துதான் வருகிறது. இன்னும் சில மாதத்தில் அங்கே புயல் பருவம் தொடங்கிவிடும். “அதற்குள் நான் கற்றுக்கொண்டு போக வேண்டும் மிஸ் சரோஜா. வேறு யாரும் இல்லை” என்றாள்.

அலமாரியில் மிச்சத் துணியை அடுக்க அவளுக்கு உதவி செய்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“சொல்ல முடியல சார். அந்த வார்த்த இல்லாம அதுக்குக் காரணமே இல்ல” என்றேன் செல்லையாவிடம்.

“அப்ப அவ இருக்கட்டும். நான் பட்டியல் போடுற குழுவுக்கு எழுதிறன்.” நான் மகிழ்ச்சியோடு திரும்பினேன். கதவருகே போவதற்குள் கூப்பிட்டார். “பிள்ளை, அந்த மலைநாட்டு ஆள் பெட்டி கட்டிப்போட்டார். அவரின்ர நாடும் ஏழை நாடு. அவருக்கு இல்லையெண்டு சொல்லும் பாப்பம். அதே மாதிரி.”

எனக்கு வந்ததே கோபம்! கோப்பை அவர் மேசைமேல் போட்ட சத்தத்தில் வெளியே தட்டச்சு நின்றுபோனது. “நீங்க ஒரு வழி காட்டுவீங்கன்னு வந்தா சார், இருக்குற வழியையும் அடைக்கிறீங்க!” என்றேன். அவர் கோப்பை நேராக எடுத்து வைத்தார். “ஒருத்தருக்கு நீர் இரக்கப்பட்டா, மற்றவர் அதுக்கு விலை குடுக்கப்படாது. அவ்வளவுதான் நான் சொல்லுறன்” என்றார். அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் குழு ஆயர் குரோவுக்கே வந்தது. தலைவர் அரசு கொடுக்கும் ‘டத்தோ’ பட்டம் பெற்றவர். தலை நரைத்தவர், கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர். கூட்டம் மலாயில் நடந்தது. கோட்டை இன்று ஒரு நாட்டுக்காக வளைத்தால் நாளைக்கு எல்லா நாடும் வந்து நிற்கும் என்றார். அதில் தப்பில்லை. நான் சும்மா இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

“டத்தோ, நான் தோட்டத்துல பிறந்தவ. எங்க மேனேஜர் பங்களாவையும் தொழிலாளிங்க இருந்த எங்க லயன் வீடுகளையும் ஒண்ணாக் கூட்டி வகுத்திருந்தா, எங்க வீட்டு வாசல்லயும் ஒரு கார்ச் சக்கரமாவது நின்னிருக்கும். நிக்கல. அந்தப் பொண்ணு ஊரும் அப்படித்தான். இல்லன்னா நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.”

செல்லையா என்னைக் காப்பாற்றவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. எழுந்து நின்று, மறுக்கும்போது ‘ரூல்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் பிரிவின் வழக்கம் என்று டத்தோவிடம் மிகப் பணிவாகத் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

டத்தோ மரியானாவை அழைக்கச் சொன்னார். அவள் வந்து உட்கார்ந்ததும் அவரே பேசினார். உங்கள் நாட்டு வருமானம் நல்லபடியாக உயர்ந்திருக்கிறது, வாழ்த்துகள் என்று தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு, “உங்கள் ஊரில் குடிநீர் இயந்திரம் எத்தனை?” என்று கேட்டார்.

“ஹோட்டல்களுக்கு ஐந்து. எங்களுக்கு ஒன்று.”

“புயல் வந்து அந்த ஒன்று நின்றுவிட்டால்?”

“கப்பலில் தண்ணீர் வரும்வரை காத்திருப்போம். சென்ற முறை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது.”

டத்தோ முன்னால் இருந்த பட்டியலை மூடி வைத்தார். பிறகு அவளைப் பார்த்து, நீங்கள் தங்கிப் படியுங்கள் என்றார். அவள் வெளியே போனபின் எங்கள் பக்கம் திரும்பி, “வகுத்து வரும் கணக்கு பொய் இல்லை. ஆனால் அது ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. நாம் வேறு கேள்வி எதையும் கேட்டதில்லை” என்றார். “சரி, மலைநாட்டுக்காரரை என்ன செய்வது? இருபது இடம்தானே?”

“ஓம் டத்தோ, இருபது கோட்டா” என்று ஆரம்பித்த செல்லையா பாதியில் நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டார்.

“ஏன் பிள்ளை இருபது? ‘கோட்டா’ எண்டு சொல்லாமச் சொல்லும்.”

யோசித்தேன். வகுப்பறையில் இன்னும் பத்துப் பேர் உட்காரலாம். பட்டறையில் இயந்திரங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் பாதி காலி. பிறகு முந்தின நாள் மரியானாவின் அறையில் நான் உட்கார்ந்திருந்த இடம் நினைவுக்கு வந்தது. அறைக்கு இரண்டு கட்டில், பத்து அறை. இத்தனை வருடம் நாங்கள் கட்டிலை ரூல் என்று எண்ணிக்கொண்டு மனிதர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் மலாயில் சொல்லிவிட்டேன். டத்தோவும் சிரித்துவிட்டார். செல்லையாவின் வெள்ளைச் சட்டை சிரிப்பில் குலுங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“வெளியே ஒரு நல்ல வீடு கிடைக்குமா?” என்றார் டத்தோ.

“கிடைக்கும் டத்தோ.”

“போலே,” என்றார். முடியும் என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல் போதும்.

வெளியே வந்ததும் பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா என்றால் சொந்தம் இல்லை, எங்கள் தோட்டத்துப் பழக்கம். டுரியான் துங்காலில் வீடு. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருந்தார்கள்.

“வெளிநாட்டுப் பொண்ணா? என்னா திம்பாடி? இட்டிலி திம்பாளா?”

“மீனு திம்பாக்கா.”

“மீனுதானே? பசார்ல கெடைக்காத மீனா? அனுப்பு லா. ரூமு சும்மாத்தானே கெடக்கு.”

மரியானா அக்கா வீட்டுக்குப் போனாள். மலைநாட்டுக்காரர் வந்து விடுதியில் அவள் கட்டிலில் படுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பட்டறையில் ஒரே மேசையில் வேலை பழகினார்கள். அவர்களில் ஒருவருக்காக மற்றவரை மறுக்க இருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போனால், கைலியைக் கட்டிக்கொண்டு மரியானா அம்மியை மறுத்து மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருப்பாள். அக்கா தமிழிலேயே அவளை அதட்டுவார், அவள் தன் மொழியிலேயே பதில் சொல்லுவாள். இருவருக்கும் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

கவிதா கேட்ட ரூல் மாற்றம் அதன்பின் வந்த வருடம் முழுக்க நடந்தது. நாட்டின் வருமானத்தை மட்டும் பார்க்காமல், நாம் கற்றுக்கொடுக்கும் விஷயம் அந்த ஊர் மக்களுக்குக் கிடைக்கிறதா என்றும் பார்ப்பது என முடிவாயிற்று. ஒரு புயலோ வறட்சியோ வந்தால் அந்த நாடு தானே எழுந்து நிற்குமா என்றும் பார்க்கச் சொன்னோம். கோட்டைத் தாண்டிய நாட்டை உடனே கைவிடாமல் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதும் உள்ளே போனது. அவகாசத்தை நான் நீளமாகக் கேட்டேன், குழு பாதியாக வெட்டியது. மூன்று கூட்டங்களில் கத்தினேன். செல்லையா எல்லாவற்றிலும் எனக்குத் தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார், ஒன்றில்கூட என்னை உட்காரச் சொல்லவில்லை.

புதிய ரூலிலும் விடுபட்டுப்போன நாடுகள் இருந்தன. ஒரு நாட்டு அதிகாரிக்கு நானே போனில் மறுத்தேன். உங்கள் தலைநகரத்திலேயே இதைக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி வந்துவிட்டது, இங்கே அந்த வசதி இல்லாத ஒருவர் காத்திருக்கிறார் என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தார். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. மறுக்கப்பட்டவர் முகத்தைப் பார்க்க முடிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கணினி எல்லாக் கேள்விக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறதாம். நல்லதுதான். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் கவிதா, மதிப்பெண் வந்தபின் யாராவது ஒருவர் முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் மாற்ற வேண்டிய ரூல் இருக்கும்.

மரியானாவைச் சொல்லி முடிக்கிறேன். அவள் ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் புயல் பருவத்தில், அவள் தீவின் பெயர் தொலைக்காட்சிச் செய்தியில் வந்தது. போன் போகவில்லை. பாக்கியம் அக்கா தினமும் என்னைக் கூப்பிட்டு, “என்னாடி ஆச்சு எம் பொண்ணுக்கு?” என்று அழுதார். எனக்கு என்ன தெரியும்? அலுவலகத்தில் எதிர்ப்பட்டவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். செல்லையா என் கண்ணில் படாமல் நடமாடினார்.

ஒரு காலையில் என் மேசைப் போன் ஒலித்தது. கரகரவென்று ஒரே இரைச்சல். நடுவில் அவள் குரல்.

“மிஸ் சரோஜா! எல்லாரும் நலம். புயலுக்கு முன்பே மோட்டாரைக் கழற்றி மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். நேற்று நானே திரும்பப் பூட்டினேன். ஹோட்டல்களின் இயந்திரங்கள் எல்லாம் கடலோரத்தில் மூழ்கிவிட்டன. இப்போது அவர்களும் வாளியோடு எங்கள் வரிசையில் நிற்கிறார்கள்!”

அழுகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து போனை அதன் பக்கத்தில் பிடித்தாள். கடல் கடந்து தண்ணீர் கொட்டும் சத்தம் என் காதில் விழுந்தது. அது கொட்டிக்கொண்டே இருந்தது.

“மூடுடி மொதல்ல! தண்ணி வீணாப் போவுது!” என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன்.

அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடிவிட்டாள்.